ஃபயர் அலாரம் சர்வீஸ்: கொங்குப் பக்கம் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

திருப்பூர், பல்லடம், பெருந்துறைப் பக்கம் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் கேட்டை ஒட்டிய செக்யூரிட்டி அறைச் சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும். அதுதான் ஃபயர் அலாரம் பேனல். பச்சை விளக்கு மட்டும் எரிந்தால் எல்லாம் சரி. கூடவே மஞ்சள் விளக்கும் எரிந்தால் எங்கோ கோளாறு இருக்கிறது.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பனியன் கம்பெனியில் அந்த மஞ்சள் விளக்கைக் காட்டி விசாரித்தேன். "அது ரொம்ப நாளா அப்படித்தானுங்க எரியுது. கீ கீன்னு கத்திட்டே இருந்துச்சு, டேப் ஒட்டிட்டோமுங்க" என்றார் செக்யூரிட்டி அண்ணா. பஸ்ஸர் துளையின் மேல் கறுப்பு டேப் மூன்று நான்கு அடுக்காக ஒட்டியிருந்தது. பேனலைத் திறந்து பார்த்தால் பேட்டரி இரண்டும் வீங்கிக் கிடந்தன. கரண்ட் போன மறு நொடியே அந்தப் பெட்டி அணைந்துவிடும் நிலை. அந்த நேரம் மேல் மாடியில் சில நூறு பேர் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று முதல் புதிதாக என்னோடு வேலைக்கு வரும் தம்பிகளிடம் சொல்வது ஒன்றுதான்: கம்பெனிக்காரர்கள் பழகிப்போய்விட்ட கோளாறைத் தேடிக் கண்டுபிடி. எதை நிறுத்தினாலும் அதை நீயே திரும்பப் போடு. சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தவர்கள், மில்லிலோ மருத்துவமனையிலோ கல்லூரியிலோ மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருந்து இந்தப் பொறுப்பும் தலைமேல் வந்தவர்கள், இரு தரப்புக்கும் பயன்படும்படி எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிஸ்டம் பெரும்பாலும் இரண்டு வகை. பழைய கட்டடங்களிலும் சின்ன யூனிட்டுகளிலும் இருப்பது கன்வென்ஷனல். கட்டடத்தை ஜோன் ஜோனாகப் பிரித்து, ஒரு ஜோனின் டிடெக்டர்களை (புகையையோ சூட்டையோ உணர்ந்து பேனலுக்குச் சொல்லும் கருவிகள்) எல்லாம் ஒரே ஒயரில் கோத்திருப்பார்கள். 'மூன்றாம் ஜோனில் தீ' என்று பேனல் சொல்லும். எந்த டிடெக்டர் என்று சொல்லத் தெரியாது, நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். மற்றது அட்ரஸபிள். ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஒரு எண் உண்டு. 'முதல் மாடி பேக்கிங், டிடெக்டர் 47' என்று எழுத்திலேயே காட்டும். இரண்டுமே பெரும்பாலும் 24 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை.

இந்தியாவில் இந்த வேலைக்கு அடிப்படை ஐ.எஸ். 2189 என்ற தரநிலை. கட்டடம் முழுவதற்குமான தீப் பாதுகாப்பைத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி பேசுகிறது. தொழிற்சாலை என்றால் 2025 நவம்பர் வரை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவும் இருந்தது. இப்போது அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஐ.எஸ். 2189-இன் பராமரிப்புப் பகுதியையாவது ஒரு முறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் கேட்கும் கேள்விகளில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

பையில் மல்டிமீட்டர், இன்சுலேட் செய்த ஸ்க்ரூ டிரைவர்கள், மெல்லிய பிரஷ், கையடக்க வேக்குவம் கிளீனர், டிடெக்டர் சோதிக்கும் ஸ்மோக் ஸ்ப்ரே, அதை மாட்டித் தூக்க நீளக் கம்பு, ஹேர் டிரையர், ரெசிஸ்டர்கள் நாலைந்து, எம்.சி.பி. (ஆள் கையால் அழுத்தி அலாரம் கொடுக்கும் பெட்டி) சாவியும் மாற்றுக் கண்ணாடியும், டார்ச், பெர்மனென்ட் மார்க்கர் இருக்கட்டும். ஏணி கம்பெனியில் கிடைக்கும், ஆனால் ஏறும் முன் அதன் காலில் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டைல்ஸ் தரையில் வழுக்கி விழுந்தவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர்.

உள்ளே போனதும் பேனலைத் தொடாதீர்கள்

முதலில் ஆட்களிடம் பேசுங்கள். ஃபேக்டரி மேனேஜர், எலக்ட்ரீஷியன், செக்யூரிட்டி மூவருக்கும் 'இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை டெஸ்ட்' என்று சொல்லுங்கள். மைக் இருந்தால் அதிலும் சொல்லச் சொல்லுங்கள். திருப்பூர், அவிநாசிப் பக்கம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் நிறைய வேலை செய்கிறார்கள். தமிழில் மட்டும் சொன்னால் அவர்களுக்கு அது டெஸ்ட் என்று தெரியாது. அவர்களுடைய சூப்பர்வைசரைக் கூப்பிட்டு இந்தியில் ஒரு தடவை சொல்ல வைப்பது இரண்டு நிமிட வேலை.

அடுத்து, அலாரம் அடித்தால் கூடவே வேறென்ன ஓடும், எது நிற்கும் என்று கேளுங்கள். ஏசி நிற்கலாம், லிஃப்ட் கீழ்த்தளத்துக்கு இறங்கலாம், கார்டு வைத்துத் திறக்கும் கதவுகள் தாமாகத் திறந்துகொள்ளலாம், சில மில்களில் மெஷினே நிற்கும். சர்வர் அறையிலோ பெரிய எலக்ட்ரிக்கல் பேனல் அறையிலோ தீயணைக்கும் வாயு சிலிண்டர் பொருத்தியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்த ஜோனில் டெஸ்ட் புகை அடித்தால் சிலிண்டர் திறந்துகொள்ளக்கூடும். அது கார்பன் டை ஆக்சைடு என்றால் உள்ளே இருப்பவர் உயிர் போகும். சிலிண்டரின் ஆக்சுவேட்டரை (சிலிண்டரைத் திறந்துவிடும் பாகம்) முறைப்படி கழற்றி வைத்த பிறகுதான் அங்கே டெஸ்ட். அந்தப் பயிற்சி உங்களுக்கு இல்லையென்றால் அந்த அறையை விட்டுவிட்டு, 'சோதிக்கவில்லை, காரணம் இது' என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அப்படி எழுதுவதற்குத் தயங்கவே கூடாது.

டெஸ்டுக்காக ஐசோலேட் செய்த, அதாவது துண்டித்து நிறுத்தி வைத்த ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். வேலை முடியும்போது அந்தச் சீட்டில் உள்ள எல்லா வரியும் அடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பேனலில் என்ன பார்ப்பது

பவர், ஃபயர், ஃபால்ட், டிசேபிள் ஆகிய விளக்குகளைப் பாருங்கள். லேம்ப் டெஸ்ட் பட்டன் இருந்தால் அழுத்துங்கள். எரியாத விளக்கு இருந்தால் அந்தக் கோளாறு வரும்போது யாருக்கும் தெரியாது. பிறகு ஏதாவது ஜோன் டிசேபிளில் (அலாரம் கொடுக்காதபடி நிறுத்தி வைத்த நிலையில்) இருக்கிறதா என்று பாருங்கள். நான் தனியாக நேரம் எடுத்துப் பார்ப்பது இதைத்தான். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சைலன்ஸ், ரீசெட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்தால் போதாது, செக்யூரிட்டிக்கும் தெரிய வேண்டும். சைலன்ஸ் அழுத்தினால் சத்தம் மட்டும் நிற்கும், தகவல் அப்படியே இருக்கும். ரீசெட் அழுத்தினால் டிடெக்டரில் எரியும் சிவப்பு விளக்கும் அணைந்துவிடும். கன்வென்ஷனல் என்றால், பிறகு அந்த ஜோனின் டிடெக்டர்களில் எது அடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இராத்திரி இரண்டு மணிக்கு ஹூட்டர் (அலாரம் ஒலிக்கும் கருவி) அடித்தால் செக்யூரிட்டி செய்ய வேண்டியது: எந்த ஜோன் என்று பார்ப்பது, அங்கே ஆள் போய்ப் பார்ப்பது, தீ என்றால் 101-க்கோ 112-க்கோ கூப்பிடுவது. எதுவும் இல்லையென்று கண்ணால் பார்த்து, எரியும் டிடெக்டரின் எண்ணை எழுதிக்கொண்ட பிறகுதான் ரீசெட். இதை ஒவ்வொரு சர்வீஸின் போதும் அவரையே ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். செக்யூரிட்டி ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள், போன முறை கற்றுக்கொண்டவர் இந்த முறை அங்கே இருக்க மாட்டார்.

பேட்டரி

பெரும்பாலான சின்ன பேனல்களில் 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-அவர், எவ்வளவு கரண்ட் எவ்வளவு நேரம் தரும் என்ற அளவு) சீல்டு பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். இரண்டையும் சேர்த்து அளக்காதீர்கள். ஒன்று 13.2, மற்றது 11.8 என்று இருந்தால் கூட்டுத்தொகை 25 வந்து ஆளை ஏமாற்றும். தனித்தனியாக அளந்தால்தான் 11.8 செத்துவிட்டது என்று தெரியும். சார்ஜர் நன்றாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து 27 முதல் 27.6 வரை காட்டும்.

அப்புறம் மெயின் சப்ளையை நிறுத்துங்கள். பேனல் பேட்டரிக்கு மாறி, 'மெயின் ஃபெயில்' என்று சொல்ல வேண்டும். அந்த நிலையிலேயே ஹூட்டரை அடிக்கவிட்டு மீட்டரைப் பாருங்கள். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் மளமளவென்று இறங்கிக்கொண்டே போனால், சும்மா இருக்கும்போது எவ்வளவு காட்டியிருந்தாலும் அந்த பேட்டரியை நம்பாதீர்கள்.

பேட்டரி போதுமானதா என்று கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும். கரண்ட் இல்லாமல் 24 மணி நேரம் காவல் இருந்து, அதன் பிறகும் அரை மணி நேரம் ஹூட்டர் அடிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சிஸ்டம் சும்மா இருக்கும்போது 0.12 ஆம்பியர் இழுக்கிறது, அலாரத்தில் 0.8 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.12 பெருக்கல் 24, அது 2.88. 0.8-இல் பாதி 0.4. கூட்டினால் 3.28. பேட்டரி பழசாகும் என்பதற்காக 1.25-ஆல் பெருக்கினால் 4.1. ஆக, 7 ஏ.எச். போதும்.

சரி, அதே கம்பெனி அடுத்த வருடம் மேலே இன்னொரு மாடி எழுப்பி, அதே பேனலில் டிடெக்டரும் ஹூட்டரும் சேர்க்கிறது. இப்போது சும்மா இருக்கும்போது 0.25, அலாரத்தில் 2 ஆம்பியர். 6-உம் 1-உம் சேர்ந்து 7, அதை 1.25-ஆல் பெருக்கினால் 8.75. பழைய 7 ஏ.எச். இனிமேல் பற்றாது, 12 ஏ.எச். வேண்டும். நம் ஊரில் கட்டடம் வளர்ந்துகொண்டே இருக்கும், பேட்டரி மட்டும் அப்படியே இருக்கும். இந்தக் கணக்கை ஓனர் முன்னால் காகிதத்தில் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் மறுபேச்சு வராது.

பேட்டரிக்குச் சூடு ஆகாது. தகர ஷெட்டில், மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் பேனல் மாட்டியிருந்தால் மூன்று நான்கு வருடம் உழைக்க வேண்டியது பாதியிலேயே போய்விடும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே கம்பெனி, ஒரே தேதி. மாற்றிய தேதியை பேட்டரியின் நெற்றியில் மார்க்கரால் எழுதுங்கள். கையில் மோதிரமோ காப்போ இருந்தால் வேலைக்கு முன் கழற்றி வையுங்கள்.

இதில் நம் பக்கத்துக்கு என்று ஒரு வசதி உண்டு. மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை ஈ.பி. ஷட்டவுன் விடுவார்கள். அன்று ஜெனரேட்டர் ஓடினாலும், பேனலுக்குப் போகும் லைனை மட்டும் சில மணி நேரம் நிறுத்தி வைத்து, பேட்டரி தாங்குகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் ஒரு அளவு, நிறுத்தி வைத்து நான்கு மணி நேரம் கழித்து ஒரு அளவு, இரண்டையும் லாக் புக்கில் எழுதி, லைனைத் திரும்பப் போட்ட நேரத்தையும் எழுத வேண்டும். மாதா மாதம் இதைச் செய்யும் கம்பெனிகளில் பேட்டரி திடீரென்று காலை வாரிவிடுவதில்லை.

டிடெக்டர்: பஞ்சும் பல்லியும்

நம் ஊர் டிடெக்டர்களுக்கு முதல் எதிரி பஞ்சுத் தூசிதான். கட்டிங், ஓவர்லாக், ரைசிங் (துணியில் பஞ்சு எழுப்பும் வேலை) நடக்கும் இடங்களில் கண்ணுக்குத் தெரியாத நூலிழை மிதந்துகொண்டே இருக்கும். ஸ்மோக் டிடெக்டருக்குள் ஒரு சின்ன இருட்டறை, அதில் ஒரு ஒளிக்கதிர். புகை புகுந்தால் ஒளி சிதறும், அந்தச் சிதறலைப் பார்த்து அலாரம் கொடுக்கும். பஞ்சு புகுந்தாலும் அதே சிதறல்தான். டிடெக்டரின் வெளி வலையில் பஞ்சு அப்பிக்கொண்டால் அதற்கு நேர் எதிராக ஆகும், உண்மையான புகையே உள்ளே போகாது. சும்மா சும்மா அடிக்கும் டிடெக்டரும் எப்போதுமே அடிக்காத டிடெக்டரும் பெரும்பாலும் அழுக்கு ஏறியவையாகவே இருக்கும்.

சுத்தம் செய்யும்போது ஒரு தப்பு எல்லா இடத்திலும் நடக்கிறது. மெஷின் மேல் படிந்த பஞ்சை ஊதுவதற்கு ஒவ்வொரு டேபிளுக்கும் ஏர் கன் தொங்கும். அதையே தூக்கி டிடெக்டருக்குள் ஊதிவிடுவார்கள். வெளி வலையில் நின்ற பஞ்சு இருட்டறைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வந்தால் அந்த டிடெக்டர் அதோடு முடிந்தது. பிரஷ்ஷால் மெல்லத் தட்டி, வேக்குவமால் வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். கழற்றிப் பிரிப்பது அதைத் தயாரித்த கம்பெனி அனுமதித்தால் மட்டும். சுத்தம் செய்த பிறகு ஒவ்வொன்றையும் ஸ்ப்ரே அடித்துச் சோதித்தே ஆக வேண்டும்.

சோதிக்கும் முறையிலும் கவனம். கம்பின் நுனிக் கிண்ணத்தை டிடெக்டர் மேல் கவிழ்த்து, ஸ்ப்ரேயைச் சின்னதாக ஒரு அழுத்து. சில நொடிகளில் சிவப்பு விளக்கு வரும். ஊதுவத்தி, பீடி, எரியும் காகிதம் வேண்டவே வேண்டாம். அந்தப் புகையின் பிசுக்கு உள்ளே படிந்துவிடும், பஞ்சு மிதக்கும் கூடத்தில் நெருப்பைக் கொளுத்துவது அதைவிட மோசம். ஹீட் டிடெக்டருக்கு ஹேர் டிரையர் போதும். அதுவும் ரைசிங் மாதிரி பஞ்சு பறக்கும் இடத்தில் மெஷின் நின்று, தரை கூட்டிய பிறகே.

எந்த இடத்தில் எந்த வகை என்றும் பாருங்கள். அயர்னிங் டேபிளுக்கு நேர் மேலே ஸ்மோக் டிடெக்டர் இருந்தால் ஸ்டீம் பட்டு நாள் தவறாமல் அடிக்கும். கேன்டீன் அடுப்பு, பாய்லர் அறை, அயர்னிங் இங்கெல்லாம் ஹீட் டிடெக்டர்தான் ஒத்துவரும். ஆனால் சாதாரண ஹீட் டிடெக்டர் 57, 58 டிகிரிக்கு அமைந்திருக்கும். கரூர் பரமத்திப் பக்கம் சித்திரை வெயிலில் தகர ஷீட்டுக்கு அடியில் எவ்வளவு கொதிக்கும் என்று அங்கே ஏணியில் ஏறியவர்களுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு அதிக டிகிரி உள்ள மாடலைப் பரிந்துரை செய்யுங்கள். பெரிய மில் குடோன்களில் பீம் டிடெக்டர் (கூடத்தின் குறுக்கே ஒளிக்கதிர் விட்டுப் புகையைக் கண்டுபிடிப்பது) இருக்கும். லென்ஸைத் துடைத்த பிறகு அதைத் திரும்ப அலைன் செய்யாமல் இறங்காதீர்கள்.

பல்லி, குளவி, சிலந்தி மூன்றும் நமக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள். குளவி மண்கூடு கட்டிய டிடெக்டரை நான் தாராபுரம் வரைக்கும் எடுத்திருக்கிறேன். கூட்டைக் கத்தியால் சுரண்ட வேண்டாம், டிடெக்டரையே மாற்றுங்கள்.

இனி, டிசேபிள் விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு முன்னால் கம்பெனி முழுக்க வெள்ளையடிப்பார்கள். பெயிண்ட் படாமல் இருக்க டிடெக்டருக்குப் பிளாஸ்டிக் மூடி போடுவார்கள். பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி போட்டு, சூடம் காட்டுவார்கள். அலாரம் அடிக்கக் கூடாது என்று ஜோனை டிசேபிள் செய்வார்கள். இதில் தப்பே இல்லை. பூஜை நல்லபடி நடக்கட்டும், அந்த அரை நாள் ஒரு ஆள் கூடவே நின்று பார்த்துக்கொள்ளட்டும். சிக்கல் மறுநாள் வருகிறது. தொடர்ந்து லீவு, அப்புறம் தீபாவளி ஷிப்மென்ட் அவசரம், யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஒரு யூனிட்டில் தை மாதம் சர்வீஸுக்குப் போனபோது செக்கிங், அயர்னிங் இரண்டு ஜோனும் புரட்டாசியிலிருந்து டிசேபிளில் கிடந்தன. அயர்னிங்கில் நாலு டிடெக்டருக்குப் பிளாஸ்டிக் மூடியும் அப்படியே இருந்தது. நடுவில் கார்த்திகையில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அயர்ன் பாக்ஸைத் துணி மேலேயே வைத்துவிட்டுப் போய், துணி புகைந்திருக்கிறது. டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பி வந்த ஒரு அக்கா நாற்றம் பிடித்துப் போய் அணைத்திருக்கிறார். அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை. கருகிய அந்த டேபிள் துணியை எனக்குக் காட்டினார்கள், உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதனால்தான் ஆயுத பூஜை முடிந்ததும் ஒரு நடை போய், மூடி இருக்கிறதா, டிசேபிள் இருக்கிறதா என்று இரண்டை மட்டும் பார்த்துவிட்டு வருவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். பில் போடுவதில்லை.

எம்.சி.பி., ஹூட்டர்

எம்.சி.பி. என்பது கண்ணாடியை அழுத்தி ஆளே அலாரம் கொடுக்கும் சிவப்புப் பெட்டி. அதன் முன்னால் அட்டைப் பெட்டி அடுக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். சாவி போட்டுச் சோதியுங்கள், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பெட்டியாக. அப்படிச் செய்தால் சில மாதத்தில் எல்லாப் பெட்டியும் ஒரு சுற்று முடிந்துவிடும்.

ஹூட்டர் சத்தத்துக்கு ஒரு அளவு உண்டு. குறைந்தது 65 டெசிபல், அல்லது அந்த இடத்தின் வழக்கமான சத்தத்தைவிட 5 டெசிபல் கூடுதல், இரண்டில் எது அதிகமோ அது. ஹாஸ்டலில் தூங்குபவரை எழுப்ப வேண்டும் என்பதால் தலையணை அருகே 75 டெசிபல் வேண்டும், அதுவும் அறைக் கதவைச் சாத்தி வைத்து அளக்க வேண்டும். சோமனூர், பள்ளிபாளையம் தறிக் கூடங்களில் தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அங்கே ஹூட்டரை மட்டும் நம்ப முடியாது, பளிச் பளிச்சென்று அடிக்கும் ஸ்ட்ரோப் லைட்டும் வேண்டும். தறி நின்ற நேரத்தில் சோதித்துவிட்டு 'சத்தம் நல்லா இருக்கு' என்று எழுதாதீர்கள், ஓடும்போது அளந்து பாருங்கள்.

ஹூட்டர் அடித்த கையோடு வெளியேறும் கதவுகளையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். பூட்டு தொங்கினால் அது அலாரம் சர்வீஸில் வராது என்று விடாதீர்கள். போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.

கோளாறு தேடும் முறை

கன்வென்ஷனல் ஜோனின் கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். எண்ட் ஆஃப் லைன் என்பார்கள். அதன் மதிப்பு பேனலுக்குப் பேனல் மாறும், கையேட்டில் பாருங்கள். அந்த ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் ஒயர் முழுசாக இருக்கிறது என்று பேனலுக்குத் தெரிகிறது. ஒயர் அறுந்தால் கரண்ட் நிற்கும், மஞ்சள் விளக்கு வரும்.

சிலர் கோளாறைத் தேடச் சோம்பல்பட்டு, ஜோன் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே ஜோன் டெர்மினலில் முறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். பேனல் பச்சையாகச் சிரிக்கும், அந்த ஜோனில் ஒரு டிடெக்டரும் உயிரோடு இருக்காது. புதிய இடத்துக்கு முதல் தடவை போகும்போது ஜோனுக்கு ஒரு டிடெக்டரையாவது பேஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். பேனலில் ஃபால்ட் வர வேண்டும். வரவில்லையென்றால் பேனலைத் திறந்து டெர்மினலைப் பாருங்கள், இல்லையேல் வழியில் எங்கோ ஒயரைத் தப்பாக ஜாயின்ட் அடித்திருக்கிறார்கள்.

ஒயர் அறுந்த இடத்தைத் தேடும்போது முதல் டிடெக்டரிலிருந்து ஒவ்வொன்றாகப் போனால் ஒரு நாள் ஆகும். பாதியில் வெட்டுங்கள். இருபது டிடெக்டர் என்றால் பத்தாவதுக்குப் போங்கள். அங்கிருந்து அடுத்ததற்குப் போகும் ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் உங்கள் பையில் உள்ள ரெசிஸ்டரை மாட்டுங்கள். பேனல் சரியாகிவிட்டால் முதல் பத்தும் நல்லது, கோளாறு பதினொன்றுக்கு மேல். சரியாகவில்லையென்றால் முதல் பாதியில்தான். பிறகு அந்தப் பாதியைப் பாதியாக்குங்கள். நாலைந்து தடவை ஏணி ஏறினால் இடம் கிடைத்துவிடும். முடித்ததும் உங்கள் ரெசிஸ்டரை மறக்காமல் எடுத்து, ஒயரைத் திரும்ப மாட்டி, கடைசி டிடெக்டரில் புகை அடித்து உறுதி செய்யுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் வந்து போகும் எர்த் ஃபால்ட் (ஒயரிலிருந்து கரண்ட் தரைக்குக் கசியும் கோளாறு) என்றால் கூரை ஓரத்து ஜங்ஷன் பாக்ஸ்களையும் வெளிச்சுவர் எம்.சி.பி.க்களையும் முதலில் திறந்து பாருங்கள். குடோன் என்றால் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது எதைச் செய்வது

நாள்தோறும் பேனலை ஒரு பார்வை, வாரம் ஒரு எம்.சி.பி., இவை கம்பெனி ஆள் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்கள் போய் பேட்டரி, ஹூட்டர், இன்டர்லாக் (அலாரத்தோடு சேர்ந்து ஓடும், நிற்கும் லிஃப்ட், ஏசி, கதவு இணைப்புகள்), டிடெக்டரில் ஒரு பகுதி. ஆண்டுக்குள் ஒவ்வொரு டிடெக்டரும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். பஞ்சு அதிகம் உள்ள கூடங்களுக்கு இது போதாது, அங்கே மாதம் ஒரு சுத்தம்.

இந்த அட்டவணையை நம் பருவத்தோடு சேர்த்துப் போடுங்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் முழுக்கப் புழுதி வாரி இறைக்கும். அது ஓய்ந்து, ஆவணியில் பெரிய சுத்தத்தை வைத்துக்கொண்டால் பலன் நிற்கும். ஆனியில் சுத்தம் செய்தால் ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிடும். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் இடி விழுந்து பேனல் போர்டு போவது அடிக்கடி நடக்கும், அதற்கு முன்பே எர்த்திங்கையும் சர்ஜ் புரொடெக்டரையும் பாருங்கள். தீபாவளிக்கு முன் சரக்கு கூரை வரை ஏறும். டிடெக்டரைச் சுற்றி அரை மீட்டராவது காலி இடம் விடச் சொல்லுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு வெளியூர் ஆட்கள் ஊருக்குப் போய் மெஷின் நிற்கும் நாட்கள்தான் முழு டெஸ்டுக்குத் தோதானவை. தீயணைப்புச் சேவை வாரம் ஏப்ரல் 14 முதல் 20 வரை. சித்திரை முதல் நாள் லீவு முடிந்து வேலை தொடங்கும் அந்த வாரத்திலேயே எல்லோரையும் வெளியேற்றிப் பார்க்கும் டிரில் வைக்கச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்

லாக் புக்கில் 'சர்வீஸ் முடிந்தது, எல்லாம் ஓகே' என்று ஒரு வரி எழுதி கையெழுத்துப் போடுவது வேலை ஆகாது. தேதி, வந்த நேரம், சோதித்த ஒவ்வொரு டிடெக்டரின் எண்ணும் இடமும், பேட்டரி அளவு இரண்டும், எந்த ஜோனை எத்தனை மணிக்கு ஐசோலேட் செய்தீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பப் போட்டீர்கள், சரி செய்யாமல் விட்டது எது, யாரிடம் சொன்னீர்கள். இத்தனையும் வேண்டும். பத்து வருடம் தாண்டிய டிடெக்டர்களைத் தனியாகக் குறித்து, மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

சட்டைப் பையில் உள்ள சீட்டை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். வாயு சிலிண்டர் ஆக்சுவேட்டர், லிஃப்ட், ஏசி, கதவு, ஜோன்கள். பேனல் முன்னால் இரண்டு நிமிடம் நின்று பச்சை மட்டும் எரிகிறதா என்று பாருங்கள். மைக்கில் 'டெஸ்ட் முடிந்தது, இனி அடித்தால் உடனே வெளியேற வேண்டும்' என்று தமிழிலும் இந்தியிலும் சொல்ல வையுங்கள்.

கடைசியாக, பேனல் பக்கத்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். 101, 112, கம்பெனி பெயர். சர்வே நம்பர் வேண்டாம், வண்டி வரும் வழி வேண்டும்: எந்த மெயின் ரோடு, எந்த ஸ்டாப்பில் திரும்புவது, எந்தக் கோயிலைத் தாண்டி எத்தனையாவது கேட், எந்த கேட்டில் தீயணைப்பு வண்டி நுழையும் அகலம் இருக்கிறது. இராத்திரியில் பதறிப் போய் நிற்கும் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துப் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில்.